வேலூர் வட்டாரத்தில் தேனைக் கொண்டு மாசைக் கண்காணிக்கும் முறை

இராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வடஆற்காடு மாவட்டத்தின் ஊர்களை வரிசையாகச் சொன்னால் தோல் பதனிடும் தொழில் நினைவுக்கு வராதவர் இங்கே இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, டேனரிகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதைப் பதிவு செய்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் இட்டபோது ‘வேலூர் – வடஆற்காடு’ 81.79 புள்ளிகள் பெற்று, மிகக் கடுமையாக மாசடைந்த இடங்களின் வரிசையில் நின்றது. இவ்வளவு தீர்ப்புகளும் பட்டியல்களும் வந்த பிறகும், தன் ஊரின் தூசியில் இந்த ஆண்டு என்ன கலந்திருக்கிறது என்று ஒரு கிராமத்தார் தாமே அறிந்துகொள்ளும் வழி மிகக் குறைவாகவே இருக்கிறது.

தேனீ வளர்ப்பவரிடம் அப்படி ஒரு வழி இருக்கிறது. பெட்டியில் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீயின் பணித் தேனீக்கள் பெரும்பாலும் கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே மதுரமும் (பூவில் ஊறும் இனிப்பு நீர்) மகரந்தமும் தேடிப் போய் வருகின்றன. பூவிலும் இலையிலும் படிந்திருக்கும் நுண்தூசி அவற்றின் மயிர் அடர்ந்த உடலில் ஒட்டிக்கொண்டு, மதுரத்தோடும் மகரந்தத்தோடும் கூட்டுக்குள் வந்து சேர்கிறது. மதுரத்தின் நீர் வற்றித் தேனாக முதிரும்போது அதில் கரைந்திருந்த உலோகங்களும் செறிவடைகின்றன. ஆகவே ஓர் அடையிலிருந்து எடுத்த நூறு கிராம் தேன், பல்லாயிரம் பூக்களைத் தொட்டு அந்த வட்டத்துக்குள் திரட்டப்பட்ட மாதிரியாகிறது. கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இதே வழியில், நகர மையத்தையும் துறைமுகத்தையும் நெருங்க நெருங்கத் தேனில் ஈயம் முதலிய உலோகங்கள் கூடுவதை 2019இல் காட்டினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பாரீசின் நோத்ரு தாம் பேராலயக் கூரை எரிந்து, அதிலிருந்த ஈயம் புகையோடு பரவியபோது, காற்று சென்ற திசையில் இருந்த கூடுகளின் தேனில் ஈயம் கூடியிருந்ததையும் அவர்களே கண்டறிந்தார்கள்.

இங்கே அதைச் செய்வது எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். செலவு ஆய்வுக்கூடக் கட்டணத்தில்தான் இருக்கிறது. மற்றவை பொறுமையும் சுத்தமும் மட்டுமே. ஆனால் அந்தச் சுத்தம், நாம் வழக்கமாகத் தேன் எடுக்கும்போது கடைப்பிடிக்கும் சுத்தத்திலிருந்து வேறுபட்டது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

தேனிடம் எதைக் கேட்கலாம்

முதலில் தெளிவாக வேண்டியது கேள்வி. நம் பகுதியின் பெரிய துயரம் நிலத்தடி நீர். அதைத் தேன் காட்டாது. தோலைப் பதனிடப் பயன்படுத்தும் உலோகமான குரோமியம் டேனரிக் கழிவில் வருகிறது; அதை உறிஞ்சும் செடிகள் அதைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்கின்றன. தண்டைக் கடந்து பூவின் மதுரத்துக்கு வந்து சேர்வது மிகச் சொற்பம். தேனீ தண்ணீர் குடிப்பது உண்மை, உப்புச் சுவையுள்ள தண்ணீரை அது விரும்பித் தேடுவதும் உண்மை. பச்சைத்தோலை உப்பிட்டுப் பதப்படுத்தும் ஊர்களின் சாக்கடையோரம் தேனீக்கள் மொய்ப்பதைக் கண்டவர்கள் இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் கூட்டைக் குளிர்விக்கவும் புழுக்களுக்கு உணவு கரைக்கவும் செலவாகிறது, தேனாகச் சேமிக்கப்படுவதில்லை. கிணற்று நீரைப் பற்றிய ஐயம் இருந்தால் கிணற்று நீரையே சோதிக்க வேண்டும். தேன் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்துக் கிணறு சுத்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

தேன் பதில் சொல்வது காற்றில் வரும் தூசியைப் பற்றி. தோலைத் தேய்த்து மெருகூட்டும்போது பறக்கும் தூள், திறந்தவெளியில் குவிந்து கிடக்கும் குரோமேட் கழிவின் மேல் மண், சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையின் சாலைத் தூசி, கொதிகலன் சாம்பல், தோல் துண்டுகளையும் குப்பையையும் எரிக்கும் புகை ஆகியவை பூவின் மேல் படிந்து கூட்டுக்கு வரக்கூடியவை. மாந்தோப்புகளில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகளையும் தேனில் காணலாம். உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 198 தேன் மாதிரிகளில் நான்கில் மூன்றில் நியோநிகோட்டினாய்டு வகை மருந்து ஏதேனும் ஒன்றாவது இருந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆனால் அந்தச் சோதனைக்கு வேறு கருவி, வேறு கட்டணம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உலோகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இடங்களும் வரைபடமும்

ஒரே ஓர் இடத்துத் தேனைச் சோதித்து வரும் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும்: ஐயத்துக்குரிய இடம் ஒன்று, அதே போன்ற மண்ணும் மரங்களும் உள்ள, ஆனால் தொழிற்சாலை இல்லாத சமவெளிக் கிராமம் ஒன்று, தொலைவில் மலை ஒன்று. மலைக்கு நமக்குக் குறைவில்லை. ஜவ்வாது மலையின் உட்கிராமங்களும் ஏலகிரியும் இதற்கு ஏற்றவை. ஆனால் மலைத் தேனை மட்டும் ஒப்பீட்டுக்கு வைப்பது போதாது. அங்கே மண் வேறு, பூ வேறு. எண் வேறுபட்டால் அது மாசாலா மண்ணாலா என்று சொல்ல முடியாமல் போகும். அதனால்தான் நடுவில் ஒரு சமவெளிக் கிராமம் கட்டாயம் தேவை.

ஒவ்வோர் இடத்திலும் மூன்று பெட்டிகளாவது இருக்கட்டும். இடங்களுக்கு இடையே மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு இருந்தால் ஒரு கூட்டத்தின் மேய்ச்சல் வட்டம் இன்னொன்றோடு கலக்காது. கிராம வரைபடத்திலோ கைபேசி வரைபடத்திலோ பெட்டியை நடுவாக வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து, அதற்குள் இருக்கும் சாலை, செங்கல் சூளை, குப்பை மேடு, பட்டறை, ஏரி, தோப்பு எல்லாவற்றையும் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நடைக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். பின்னர் வரும் எண்ணுக்குப் பொருள் தருவது இந்த நாளின் குறிப்புகள்தான். பெரிய ஆலையை மட்டும் குறித்துவிட்டு, பெட்டிக்கு இருநூறு அடி தள்ளி பேட்டரி உடைக்கும் சின்னக் கொட்டகையை விட்டுவிட்டால் ஈயத்தின் பழி தவறான இடத்தில் விழும்.

காற்றின் திசையையும் எழுத வேண்டும். ஒரு கம்பத்தில் துணிக்கீற்று கட்டி, பூக்காலம் முழுவதும் காலையிலும் மாலையிலும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று குறித்து வந்தால் போதும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. புங்கன், வேம்பு, புளி, சீமைக்கருவேலம் ஆகியவை பூத்துத் தேன் நிறையும் காலம் மாசி பிற்பாதியிலிருந்து வைகாசி வரை. தூசியை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக் காற்று அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே கோடைத் தேன் ஆடிக் காற்றின் கதையைச் சொல்லாது. ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரை – வைகாசியில் ஒன்றும், மழை ஓய்ந்து தை – மாசியில் ஒன்றும் மாதிரி எடுப்பது இதற்காகத்தான். மழை கழுவிய பிறகு எடுக்கும் தேன் பல இடங்களில் குறைந்த எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்க்கலாம். குறையாமல் இருந்தால் அந்த இடத்தில் ஓயாமல் புதிதாகத் தூசி வருகிறது என்று ஐயப்பட இடமுண்டு.

எந்தத் தேனீ, எந்தப் பெட்டி

பெட்டியில் வளரும் அடுக்குத் தேனீயே இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் அதன் மேய்ச்சல் வட்டம் சிறியது. எண் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். இத்தாலியத் தேனீ வழக்கமாகவே இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். அதை வளர்ப்பவர்கள் பருவத்துக்குப் பருவம் பெட்டிகளை லாரியில் ஏற்றித் தென்மாவட்டங்கள் வரை கொண்டுபோவதும் வழக்கம். அப்படி இடம் மாறும் பெட்டியின் தேன் எந்த ஊருக்கும் சாட்சி சொல்லாது. கடையில் வாங்கிய தேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலைத்தேனீயின் பாறைக்கூட்டுத் தேன் கிடைத்தால் மதிப்புள்ளதுதான், என்றாலும் அது நெடுந்தொலைவு பறக்கும் ஈ. அதன் எண்ணை மலைப்பகுதியின் பொது நிலையாக மட்டும் கொள்ளலாம்.

பெட்டியை வண்ணம் பூசாமல் வெறும் மரமாகவே வையுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில் வரும் பழைய எனாமல் வண்ணங்களில் லெட் குரோமேட் என்ற நிறமி கலந்திருக்கக்கூடும். அதில் ஈயமும் இருக்கிறது, குரோமியமும் இருக்கிறது. நாம் தேடும் இரண்டையும் நாமே பெட்டியில் பூசிவிட்டுப் பிறகு தேனில் தேடுவது வீண். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சினால் வெளிப்புறத்தில் தேன்மெழுகை உருக்கித் தேய்க்கலாம். வேலூர்க் கோடை நாற்பது டிகிரியைத் தாண்டும்போது நிழல் இல்லாத பெட்டியை விட்டு அடுக்குத் தேனீ கூட்டத்தோடு ஓடிவிடும். ஆகவே புங்க மரத்தடியோ கீற்றுப் பந்தலோ தேவை. தகரக் கூரை வேண்டாம். எல்லா இடங்களிலும் ஒரே மாதிரியான மண் தட்டில், ஒரே இடத்திலிருந்து கொண்டுபோன நல்ல தண்ணீரைக் கூழாங்கல் போட்டு வையுங்கள்.

பூக்காலம் தொடங்குவதற்கு முன் மூன்று வேலைகளை முடிக்க வேண்டும். முதலாவதாக, தேன் அறையில் மிச்சமிருக்கும் பழைய தேனை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சென்ற பருவமும் இந்தப் பருவமும் ஒன்றாகக் கலந்துவிடும். அடுத்ததாக, சர்க்கரைப் பாகு ஊட்டுவதை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் பாகு கலந்த தேனில் உலோகம் குறைந்து காட்டும், அந்தக் குறைவு சுத்தத்தைப் போலவே தோன்றும். பஞ்ச காலத்தில் பாகு ஊட்டாமல் கூட்டம் பிழைக்காது என்றால் ஊட்டுங்கள். ஆனால் நிறுத்திய தேதியை எழுதி, அதற்கு முன் சேர்ந்ததை முழுவதும் எடுத்துவிட்ட பிறகே கணக்கைத் தொடங்குங்கள். கடைசியாக, தேன் அறைச் சட்டங்களில் கடையில் வாங்கிய மெழுகுத் தாளை ஒட்டாமல், தேனீக்கள் தாமே புதிய அடை கட்ட விட வேண்டும். மெழுகுத் தாள் எங்கெங்கோ உருக்கிச் சேர்த்த மெழுகில் செய்வது. மெழுகு பூச்சிக்கொல்லியைப் பல ஆண்டுகள் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பொருள்.

தேன் எடுக்கும் நாள்

இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் எங்கள் முதல் ஆண்டு முயற்சி முழுவதும் இந்த இடத்தில்தான் வீணாயிற்று. அந்த ஆண்டு ஆய்வுக்கூட அறிக்கை வந்தபோது, ஜவ்வாது மலைத் தேனில் இராணிப்பேட்டைப் பக்கத்துத் தேனைவிடக் குரோமியம் கூடுதலாக இருந்தது. மலையில் எங்கிருந்து குரோமியம் வரும் என்று பல நாள் குழம்பினோம். கடைசியில் காரணம் எளிதாக இருந்தது: மலையில் தேன் எடுத்தவர் மிகுந்த அக்கறையோடு புதிதாக வாங்கிய எவர்சில்வர் தேன் எடுக்கும் இயந்திரத்தில் சுற்றி, எவர்சில்வர் தூக்குவாளியில் ஒரு வாரம் வைத்திருந்தார், சமவெளியில் எடுத்தவரோ அடையைக் கையால் உடைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் பிழிந்திருந்தார். எவர்சில்வரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குரோமியம்தான். தேன் இனிப்பாக இருந்தாலும் அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். பெரும்பாலும் 3.5க்கும் 4.5க்கும் இடையே நிற்கும். அந்த அமிலம் பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொண்ட குரோமியத்தைத்தான் நாங்கள் காசு கொடுத்து அளந்திருந்தோம்.

ஆகவே நம் வட்டாரத்தில், நாம் தேடுவது குரோமியம் என்பதால், எவர்சில்வர் எதுவும் தேனைத் தொடக் கூடாது. கத்தி, கரண்டி, வடிகட்டி, இயந்திரம், வாளி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். துத்தநாகம் பூசிய தகரமும் கூடாது, அலுமினியமும் கூடாது. உறுதியான பிளாஸ்டிக் கத்தியோ மூங்கில் சீவலோ கொண்டு அடையை வெட்டுங்கள். கையில் மாவு தூவாத நைட்ரைல் உறை போட்டுக்கொள்ளுங்கள். தேனீக்காரர்கள் போடும் தோல் கையுறையை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: நம்மூரில் மலிவாகக் கிடைக்கும் அந்த உறையே குரோமியத்தில் பதனிட்ட தோல்தான். புகைப்பானை முடிந்தவரை தவிர்த்து, அதிகாலையில், கூட்டம் அமைதியாக இருக்கும்போது வேலையை முடியுங்கள். புகை இல்லாமல் முடியாது என்றால் காய்ந்த தேங்காய் மட்டையை மட்டும் எரித்து, வாசலில் இரண்டு முறை ஊதுவதோடு நிறுத்துங்கள்.

தேன் வைக்கும் சீசாக்கள் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கில், நிறமற்றதாக, உலோக மூடி இல்லாததாக இருக்க வேண்டும். அவற்றையும் பிளாஸ்டிக் கத்தியையும் பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, அயனி நீக்கிய தூய நீரில் மூன்று முறை அலசி, தூசி படாமல் உலர்த்த வேண்டும். இதைக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில், கண்ணாடியும் உறையும் அணிந்து மட்டுமே செய்யுங்கள். வீட்டுக் கொல்லையில் செய்ய வேண்டாம். எந்தக் கல்லூரியின் வேதியியல் துறையைக் கேட்டாலும் இருபது சீசாக்களைக் கழுவித் தர மறுக்க மாட்டார்கள்.

மெழுகால் மூடிய அறைகள் உள்ள அடையை மட்டும் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் மூடாத அறையில் இருப்பது இன்னும் தேனாகவில்லை. அடையின் நடுப்பகுதியில் உள்ளங்கை அளவு வெட்டி, புழுவோ மகரந்த அறையோ கலக்காமல் பார்த்துக்கொண்டு, சுத்தமான நைலான் துணியில் வைத்துத் தானாகச் சொட்ட விடுங்கள். கசக்கிப் பிழிந்தால் மெழுகும் மகரந்தமும் கலந்து எண் கூடிவிடும். ஒரு பெட்டிக்கு நூறு கிராம் போதும். மூன்று பெட்டிகளின் தேனை ஒன்றாகக் கலந்துவிடும் ஆசை கட்டணத்தை நினைத்தால் வரத்தான் செய்யும். ஆனால் தனித்தனியாக வைத்தால்தான் ஒரே இடத்துக்குள் எண் எவ்வளவு அலைகிறது என்று தெரியும், அது தெரியாமல் இரண்டு இடங்களை ஒப்பிட முடியாது.

அன்றே செய்ய வேண்டிய இன்னும் இரண்டு உண்டு. கழுவிய சீசா ஒன்றைப் பெட்டி அருகில் திறந்து, தூய நீரை ஊற்றி, அதே கத்தியால் கிளறி, தேனைப் போலவே மூடி எடுத்து வாருங்கள். இந்த வெற்று மாதிரியில் உலோகம் தெரிந்தால் அது நம் கையிலிருந்து வந்தது. ஒரு தேனையே இரண்டு சீசாக்களில் நிரப்பி, வெவ்வேறு எண்களிட்டு, ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லாமல் அனுப்புங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை தந்தால்தான் மற்ற விடைகளை நம்பலாம். சீசாவின் மேல் பென்சிலால் பெட்டி எண், ஊர், தேதி, எடுத்தவர் பெயரின் முதலெழுத்து ஆகியவற்றையும், நோட்டில் வானிலை, அண்மையில் மருந்து தெளித்ததா, என்ன பூத்திருந்தது என்பவற்றையும் எழுதுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

குடிநீருக்குப் பயன்படும் பேனா போன்ற மின்கடத்தல் மானி ஒன்று இருந்தால் 25 கிராம் தேனைத் தூய நீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக்கி அளந்து பாருங்கள். பூந்தேனில் இது சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கிலுள்ள தர வரம்பு. இந்த அளவு மாசைக் காட்டுவதன்று. தேனில் இயல்பாக உள்ள பொட்டாசியம் முதலிய தாதுக்களைக் காட்டுவது. ஆயினும் மிகப் பயனுள்ளது. கருந்தேனில் தாது மிகுதி, வெளிர்தேனில் குறைவு; ஆகவே இரண்டு இடத்துத் தேன்களின் மின்கடத்தல் பெரிதும் வேறுபட்டால் அவை வெவ்வேறு பூவின் தேன்கள், அவற்றின் உலோக எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். தாவரவியல் துறையின் உதவி கிடைத்தால், 10 கிராம் தேனை 20 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மையவிலக்கியில் சுற்றி, அடியில் படியும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் வேம்பா, புங்கனா, கருவேலமா, தென்னையா என்பது தெரிந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டியவை

ஆய்வுக்கூடங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் உள்ள உணவு ஆய்வுக்கூடமாகப் பாருங்கள். மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அதன் அணு நிறையைக் கொண்டு காணும் ஐ.சி.பி.–எம்.எஸ். கருவியில் அளப்பதாக இருக்க வேண்டும். சாதாரணச் சுடர்வகை ஏ.ஏ.எஸ். கருவி தேனில் உள்ள ஈயத்தைக் காணும் அளவுக்கு நுட்பமானது அன்று. பல கூடங்கள் ‘கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குக் குறைவு’ என்று மட்டும் எழுதித் தந்துவிடும். தேனில் ஈயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்ச வரம்பே அந்த 0.10 மில்லிகிராம்தான், விற்பனைக்கு அந்த விடை போதும், கண்காணிப்புக்குப் போதாது, ஏனெனில் நமக்கு வேண்டிய வேறுபாடுகள் எல்லாம் அதற்கு வெகு கீழே நிகழ்கின்றன. கிலோவுக்குச் சில மைக்ரோகிராம் வரை காண முடியுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குரோமியத்துக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. இந்தக் கருவியில் குரோமியத்தை அதன் நிறை எண் 52ஐக் கொண்டு அளக்கிறார்கள். தேனோ சர்க்கரை, சர்க்கரையில் கார்பன் உண்டு. கருவியில் சுடராக ஒளிரும் ஆர்கான் வாயுவும் அந்தக் கார்பனும் சேர்ந்து உண்டாகும் துகளின் நிறையும் அதே 52. மாதிரியை நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் நன்றாகச் செரிக்க வைக்காமலோ, கருவியின் மோதல் அறையில் ஹீலியத்தைச் செலுத்தாமலோ அளந்தால் இல்லாத குரோமியம் இருப்பதாகக் காட்டும். இந்தக் குறுக்கீட்டை எப்படி நீக்குகிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் கூடத்துக்கே மாதிரியைக் கொடுங்கள். குரோமியத்தின் ஒரு வடிவமான ஆறிணைதிறக் குரோமியத்தைத் தனியே அளக்கச் சொல்லிப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. நச்சுமிக்கது அதுதான் என்றாலும், அமிலமும் சர்க்கரையும் உள்ள தேனுக்குள் அது முவ்விணைதிறக் குரோமியம் என்ற மற்றொரு வடிவமாக மாறிவிடக்கூடியது. மொத்தக் குரோமிய அளவே போதும்.

குரோமியம், ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம், செம்பு ஆகியவற்றோடு அலுமினியத்தையும் இரும்பையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்துத் தெரியும்.

எண்களைப் படிப்பது

அறிக்கை வந்ததும் முதலில் வெற்று மாதிரியையும் இரட்டை மாதிரியையும் பாருங்கள். வெற்று மாதிரியில் உலோகம் இருந்தால், எவ்வளவு வருத்தமாக இருந்தாலும், அந்த உலோகத்தைப் பற்றி அந்தப் பருவத்தில் எதுவும் சொல்லாதீர்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழ் என்று வந்ததைச் சுழியம் என்று எழுதாதீர்கள்; ‘இந்த அளவுக்குக் கீழ்’ என்றே எழுதுங்கள்.

பிறகு உலோகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். அலுமினியமும் இரும்பும் மண்ணின் அடையாளங்கள். குரோமியம் கூடிய தேனில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்தே கூடியிருந்தால் அது உழவு நிலத்துப் புழுதியாக இருக்கலாம். அவை கூடாமல் குரோமியம் மட்டும் உயர்ந்திருந்தால் தொழிற்சாலைப் பக்கம் பார்க்க வேண்டும். குரோமியத்தோடு நிக்கலும் உயர்ந்திருந்தால் அவசரப்படாமல், யாராவது எவர்சில்வர் கரண்டியைப் பயன்படுத்தினார்களா என்று விசாரியுங்கள். தோல் பதனிடும் குரோமிய உப்பில் நிக்கலுக்கு வேலை இல்லை. துத்தநாகம் மட்டும் தாறுமாறாக உயர்ந்தால் தகர வாளி எங்கோ இருந்திருக்கிறது. ஈயத்தைப் பொறுத்தவரை, ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது என்றாலும் நெடுஞ்சாலையோர மண்ணில் பழைய ஈயம் இன்னும் தங்கியிருக்கும்; சாலையை அகலப்படுத்த மண்ணைக் கிளறும் ஆண்டில் அது எழுந்து வரலாம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு பிடி மேல்மண்ணைச் சேர்த்துச் சோதித்து வைத்திருந்தால் இந்த ஒப்பீடுகள் எல்லாம் எளிதாகும்.

ஒரு பருவத்து எண்ணை வைத்து எவர் மீதும் குற்றம் சாட்ட முடியாது. மூன்று பெட்டிகளும் ஒரே திசையில் பேச வேண்டும். அடுத்த பருவமும் அதையே சொல்ல வேண்டும். காற்றுக்குறிப்பும் பொருந்த வேண்டும். அதன் பிறகும் தேன் ஒரு சாட்சியே. தேனீயின் உடல் பல உலோகங்களை வடிகட்டித் தன்னிடமே நிறுத்திக்கொள்வதால் தேனில் வந்து சேர்வது மிகக் குறைந்த பங்கு; தேனீயின் உடலிலும் மகரந்தத்திலும் கூட்டில் தேனீ பூசும் பிசினிலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். தேனில் சிறிய வேறுபாடு தெரிந்து உறுதி வேண்டும் என்றால் வாசலில் மகரந்தப் பொறி வைத்து மகரந்தத்தையும், பெட்டியின் முன் வெள்ளைத் துணி விரித்து உதிரும் இறந்த தேனீக்களையும் சேகரித்து அனுப்பலாம். உயிருள்ள தேனீக்களைப் பிடித்து உறையவைத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. சிறிய அடுக்குத் தேனீக் கூட்டத்திலிருந்து அப்படி எடுப்பதை நான் செய்வதில்லை.

முடிவை யாரிடம் சொல்வது

முதலில் பெட்டிக்கு உரியவரிடம். கண்காணிப்பில் கூடுதலாகத் தெரியும் எண் பெரும்பாலும் உண்ணும் வரம்புக்கு வெகு கீழே இருக்கும். ‘ஆம்பூர்த் தேனில் குரோமியம்’ என்று ஒரு வரி கைபேசிகளில் பரவினால், நூறு வீட்டு மாசுக்கு அந்த ஒரு வீட்டின் பிழைப்பு பலியாகும். மாசை உண்டாக்கியவர் வேறு, தேனை விற்பவர் வேறு. ஆகவே பெட்டிக்காரரின் இசைவு இல்லாமல் ஊர்ப்பெயரையும் அவர் பெயரையும் சேர்த்து எழுதாதீர்கள். எண்ணைச் சொல்லும் இடத்தில் எல்லாம் உணவு வரம்பையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பருவங்கள் ஒத்துப்போன பிறகு, வரைபடம், காற்றுக்குறிப்பு, வெற்று மாதிரியின் விடை, ஆய்வுக்கூட அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கிராம சபைக்கும் கொடுத்து, அந்த இடத்தில் காற்றுத் தூசியை முறையான கருவியால் அளக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வாரியம் தன் கருவியை எங்கே வைக்க வேண்டும் என்று இடம் காட்டுவதற்குத் தேன் போதுமான சான்று.

அனுப்பிய தேன் போக மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுவிடாமல், ஒவ்வொரு சீசாவிலும் ஐம்பது கிராமாவது அதே சிட்டையோடு, வெளிச்சம் படாத குளிர்ந்த அலமாரியில் நிறுத்தி வையுங்கள். நன்கு முதிர்ந்த, ஈரம் குறைந்த தேன் பல ஆண்டுகள் கெடாது. உறைந்து மணல் மணலாகிவிட்டாலும் நாற்பது டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். பக்கத்தில் புதிய பட்டறை ஒன்று எழும் நாளில், அது வருவதற்கு முன் அந்த வட்டத்தில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், எடுத்துக் கொடுக்க அந்தச் சீசா இருக்கும்.